குவார்ட்டர்பேக்கின் நதிமூலம்

ஒருவருடைய தொழில்திறனில் அவர் பயின்ற கல்லூரியின் பங்கு எவ்வளவு, அங்கே சேர்வதற்கு முன்பே அவரிடம் இருந்தது எவ்வளவு என்னும் கேள்வி எல்லாத் துறைகளிலும் எழுவதுதான் என்றாலும், அதைத் தரவுகொண்டு ஆராய இடம்தரும் துறைகள் மிகக் குறைவு. ஒரு பொறியாளரின் அல்லது வழக்கறிஞரின் நாற்பதாண்டு உழைப்பை அளந்து சொல்லப் பொதுவான அளவுகோல் ஏதும் கிடையாது. அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்னும் இடத்தில் ஆடுபவரின் நிலை வேறு. கல்லூரியில் அவர் எறிந்த ஒவ்வொரு பந்தும், பிறகு தொழில்முறை ஆட்டத்தில் எறிந்த ஒவ்வொரு பந்தும், பிடிக்கப்பட்டதா, தவறியதா, எதிரணியின் கைக்குப் போனதா என்ற விவரத்தோடு பல பத்தாண்டுகளாகப் பதிவாகி வருகின்றன. இவ்வளவு இருந்தும், எந்தக் கல்லூரி நல்ல குவார்ட்டர்பேக்குகளை உருவாக்குகிறது என்ற எளிய கேள்விக்கு விடைசொல்ல முயன்றவர்கள் திரும்பத் திரும்ப இடறியிருக்கிறார்கள். நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பது பழமொழி; பார்த்தால் என்னென்ன பிழைகள் நேரும் என்பதற்கு இந்த விளையாட்டு நல்லதொரு சோதனைக்கூடம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் தேவை. பெயரில் கால் இருந்தாலும், பெரும்பாலும் கையால் ஆடப்படும் ஆட்டம் இது. ஒவ்வொரு அணியிலும் 11 பேர் களத்தில் நிற்க, தாக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போகும். முயற்சி ஒவ்வொன்றிலும் பந்து முதலில் சேர்வது குவார்ட்டர்பேக்கின் கையில்தான். அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஏந்தி ஓடுவதா, தூரத்தில் விரையும் தோழர்களில் ஒருவருக்கு எறிவதா, எறிந்தால் யாருக்கு என்பதையெல்லாம், தன்னை வீழ்த்தப் பாய்ந்துவரும் பெருத்த உடல்களுக்கு நடுவில் நின்றபடி, ஏறத்தாழ இரண்டரை மூன்று நொடிகளுக்குள் அவர் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். என்ற கூட்டமைப்பில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் இளைஞர்களை இவை பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். ஏழு சுற்றுகளாக நடக்கும் அந்தத் தேர்வில், முந்தைய பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கே முதல் வாய்ப்பு. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்றாண்டுகள் ஆனவரே இதற்குத் தகுதி பெறுவதால், இடையிலுள்ள ஆண்டுகளைக் கழிக்கக் கல்லூரி ஆட்டத்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆடுகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட நாற்றங்கால்களிலிருந்து வரும் பயிர்களுக்கு 32 குழிகளே இருக்கின்றன என்னும்போது, எந்த நாற்றங்காலின் பயிர் பிழைக்கும் என்று அணிகள் கணிக்க முனைவதில் வியப்பில்லை. தவறான குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றில் எடுத்த அணி, மூன்று நான்கு ஆண்டுகளையும், பெரும்பாலும் தன் தலைமைப் பயிற்சியாளரையும் சேர்த்தே இழக்கிறது.

அத்தகைய கணிப்புகளில் மிகவும் புகழ்பெற்றது, பின்னாளில் மிகவும் கேலிக்கு உள்ளானதும்கூட, 2005ஆம் ஆண்டு டிராஃப்டின்போது பரவலாகப் பேசப்பட்ட ஒரு கோட்பாடு. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்டு, குவார்ட்டர்பேக்குகளை வளர்ப்பதில் வல்லவர் என்று பெயரெடுத்தவர். ஃப்ரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ட்ரென்ட் டில்ஃபர், டேவிட் கார்; ஆரிகனில் அகிலி ஸ்மித், ஜோயி ஹாரிங்டன்; பெர்க்லியில் கைல் போலர் என்று அவரோடு தொடர்புடைய ஐந்து பேர் 1994 முதல் 2003 வரை முதல் சுற்றிலேயே தேர்வாகியிருந்தனர். ஐவரில் ஒருவரும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்ட அகிலி ஸ்மித், நான்கு பருவங்களில் ஐந்தே ஐந்து முறை எதிரெல்லைக்குள் வெற்றிகரமாகப் பந்தெறிந்து, பதின்மூன்று முறை எதிரணியின் கையில் எறிந்து, அந்தக் கூட்டமைப்பைவிட்டே போனார். டெட்ஃபோர்டின் பயிற்சி கல்லூரியில் பளபளப்பைத் தருகிறதே தவிர உரத்தைத் தருவதில்லை என்று பலர் முடிவுகட்டினர். பந்தைக் காதருகே உயர்த்திப் பிடிக்கும் அவருடைய பாணியும் குறையாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

அந்த ஆண்டு பெர்க்லியிலிருந்து வந்தவர் ஆரன் ராஜர்ஸ். முதல் இடத்துக்கே அவர் பரிசீலிக்கப்படுகிறார் என்று பேச்சிருந்த நிலையில், சான் ஃபிரான்சிஸ்கோ அணி யூட்டா பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஸ்மித்தை எடுத்துக்கொள்ள, ராஜர்ஸ் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் மணிக்கணக்காகக் காத்திருந்து, 24ஆவது ஆளாக கிரீன் பே அணிக்குப் போனார். அங்கே மூன்று பருவங்கள் தொடக்க வீரர் பிரெட் ஃபாவ்ரின் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, 2008இல் தொடக்க வீரரானார். 2010ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் கோப்பையும், 2011, 2014, 2020, 2021 ஆகிய ஆண்டுகளுக்கான மிக மதிப்புமிக்க வீரர் விருதும் அவருடையவை. ஐந்து பேரைக்கொண்டு கட்டிய கோட்பாட்டை ஆறாவது ஆள் தனியொருவராகத் தகர்த்துவிட்டார்.

ஆனால் கோட்பாடு தவறியது என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. அது ராஜர்ஸ் வருவதற்கு முன்பே, கையிலிருந்த செய்திகளைக்கொண்டே ஐயத்துக்குரியதாக இருந்தது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பட்டியலில் இடம்பெற்ற டேவிட் கார், ஃப்ரெஸ்னோவில் தொடக்க வீரராக ஆடிய 2000, 2001 பருவங்களில், டெட்ஃபோர்டு அங்கே இல்லை. அவர் 1998லேயே ஆரிகனுக்குப் போய்விட்டார். பெயருக்கும் பயிற்சிக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பட்டியல் போட்டவர்கள் பொருட்படுத்தவில்லை. அதற்கு மேல், காரை எடுத்த ஹூஸ்டன் அணி அந்த 2002ஆம் ஆண்டில்தான் புதிதாகத் தொடங்கப்பட்டது; முன்னால் நின்று காக்கவேண்டிய தடுப்பு வரிசை சல்லடையாக இருந்ததால், முதல் பருவத்திலேயே அவர் பந்தோடு 76 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். ஒரு பருவத்தில் எந்தக் குவார்ட்டர்பேக்கும் அத்தனை முறை அதற்கு முன் வீழ்த்தப்பட்டதில்லை. ஒருவர் தோற்றதற்குப் பயின்ற இடம் காரணமா, போய்ச்சேர்ந்த இடம் காரணமா என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பின்னிக்கிடக்கும் நிலையைப் புள்ளியியலார் காரணக் குழப்பம் என்பர். டிராஃப்ட் முறையோ இந்தக் குழப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. மிகச் சிறந்த குவார்ட்டர்பேக்கை மிக மோசமான அணிக்கு அனுப்புவதே அதன் விதி.

இதைவிட அடிப்படையான சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. முதல் சுற்றில் தேர்வாகும் ஒரு குவார்ட்டர்பேக் தோற்பதற்கு, நாணயத்தைச் சுண்டினாற்போலச் சரிபாதி வாய்ப்பு உண்டு என்றும், அவர் படித்த கல்லூரிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்றும் ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு கல்லூரியிலிருந்து ஐந்து பேர் வந்தால், ஐவரும் தோற்பதற்கான வாய்ப்பு 32இல் ஒன்று. ஐவரும் வெல்வதற்கான வாய்ப்பும் அதே 32இல் ஒன்று. தனித்துப் பார்த்தால் இரண்டும் அரிய நிகழ்வுகளே. ஆனால் இப்படி ஐந்து பேரை அனுப்பிய கல்லூரிகள் முப்பது இருந்தால், அவற்றில் ஒன்றாவது ‘சபிக்கப்பட்ட’ கல்லூரியாகவோ ‘வரம்பெற்ற’ கல்லூரியாகவோ காட்சியளிப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 86 விழுக்காடு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது அதிசயம்தான். தோப்பு முழுக்கக் காக்கைகளும் பழுத்த குலைகளும் இருக்கும்போது எங்கேயும் விழாமலிருந்தால்தான் அதிசயம்.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின்மேல் அத்தகைய ஒரு சாபம் நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது. கல்லூரி ஆட்டத்தில் முன்வரிசையில் நிற்கும் அந்நிறுவனத்திலிருந்து 2019இல் 15ஆவது ஆளாக டுவெய்ன் ஹாஸ்கின்ஸும், 2021இல் 11ஆவது ஆளாக ஜஸ்டின் ஃபீல்ட்ஸும் தேர்வாகி, இருவரும் தங்களை எடுத்த அணிகளில் நிலைக்காமல் போனதால் அந்தப் பேச்சு வலுத்தது. 2023இல் அதே கல்லூரியிலிருந்து, அதே பயிற்சியாளர் ரயன் டேயிடம் பயிற்சி பெற்று வந்த சி. ஜே. ஸ்ட்ரவுட், ஹூஸ்டன் அணியில் தம் முதல் பருவத்திலேயே 23 எல்லை வீச்சுகளுக்கு ஐந்தே ஐந்து பறிகொடுப்புகள் என்ற கணக்கோடு அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரரானார். பயிற்சியாளர் மாறவில்லை, பாடமும் பெரிதாக மாறவில்லை, விளைவு மட்டும் தலைகீழாக மாறியது.

எதிர்ப்பக்கத்துப் புகழ்மாலைகளும் இதே தராசில் நிறுக்கப்பட வேண்டியவை. இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகம் தன்னைக் குவார்ட்டர்பேக்குகளின் தொட்டில் என்று சொல்லிக்கொள்வதற்கு லென் டாசன், பாப் கிரீசி, ட்ரூ பிரீஸ் என்ற மூவரும் சூப்பர் பவுல் வென்றது ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அலபாமாவிலிருந்து பார்ட் ஸ்டார், ஜோ நேமத், கென் ஸ்டேப்லர் ஆகியோர் வந்தனர். பெருமைக்குரிய பட்டியல்கள்தாம். ஆனால் பர்டியூவில் டாசன் 1957ஆம் ஆண்டு டிராஃப்டுக்கும் பிரீஸ் 2001ஆம் ஆண்டு டிராஃப்டுக்கும் போனவர்கள். இடைப்பட்ட 44 ஆண்டுகளில் பயிற்சியாளர்களும் ஆட்டமுறையும் விதிகளும் பலமுறை மாறிவிட்டன. கட்டடமும் சீருடையின் நிறமும் தவிர அந்த இருவருக்கும் பொதுவானது என்ன என்று கேட்டால் மறுமொழி சொல்வது கடினம். ‘கல்லூரி’ என்று பேச்சில் சொல்லப்படுவது ஒரே பொருளாகத் தோன்றினாலும், அது காலந்தோறும் ஆள் மாறும் ஒரு மடத்தைப் போன்றது.

இன்னொரு வகைப் பிழை மேலும் நுட்பமானது. மேயோ மருத்துவமனையில் பணியாற்றிய ஜோசஃப் பெர்க்சன் 1946இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை மட்டும் வைத்து இரண்டு நோய்களுக்கிடையே உறவு தேடினால், உண்மையில் இல்லாத உறவுகள் இருப்பதுபோல் தோன்றும் என்று காட்டினார். உள்ளே வருவதற்கு ஏதேனும் ஒரு காரணம் போதும் என்பதால், ஒரு காரணம் இல்லாதவரிடம் மற்றது இருந்தே தீர வேண்டியிருக்கிறது. டிராஃப்டும் அப்படியொரு வாசல். புகழ்பெற்ற கல்லூரியில் ஆடியவர், வலிமைமிக்க எதிரணிகளைச் சந்தித்தவர் என்ற நற்சான்றோடு வருகிறார். வையோமிங்கிலிருந்தோ டெலவேரிலிருந்தோ வருபவர், அந்தச் சான்று இல்லாத குறையைத் தோள்வலிமையாலோ உயரத்தாலோ வேகத்தாலோ ஈடுசெய்தால்தான் முதல் சுற்றை எட்ட முடியும். ஆகவே தேர்வானவர்களை மட்டும் பார்ப்பவருக்குச் சிறு கல்லூரிக்காரர்களே உடல்திறனில் மிக்கவர்களாகத் தெரிவார்கள். கல்லூரியின் பெருமையால் வீரனுக்குக் கேடு என்று இதற்குப் பொருளாகாது. வாசலில் நின்றவரின் தேர்வுமுறை உள்ளே இப்படியொரு தோற்றத்தை உண்டாக்கிவிட்டது, அவ்வளவே.

2018ஆம் ஆண்டின் முதல் சுற்று இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. அன்று ஐந்து குவார்ட்டர்பேக்குகள் தேர்வாயினர். ஓக்லஹோமாவின் பேக்கர் மேஃபீல்டு முதலிடத்திலும், தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாம் டார்னல்டு மூன்றாம் இடத்திலும், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஜாஷ் ரோசன் பத்தாம் இடத்திலும் போக, வையோமிங்கின் ஜாஷ் ஆலன் ஏழாவதாகவும் லூயிவில்லின் லமார் ஜாக்சன் அந்தச் சுற்றின் கடைசியாக 32ஆவதாகவும் எடுக்கப்பட்டனர். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அழைக்காததால் இளங்கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு வையோமிங் சேர்ந்தவர் ஆலன். ஐவரில் மிக மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவர்கள் 2019லும் 2023லும் ஜாக்சன், 2024இல் ஆலன். இதைப் பார்த்துவிட்டுச் சிறு கல்லூரியே மேல் என்று துள்ளியெழுபவர், வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2021இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்ட ட்ரே லான்ஸ் நிலைக்காமல் போனதையும், அவருக்குப் பதிலாக அதே சான் ஃபிரான்சிஸ்கோ அணியை நடத்தியவர், மறு ஆண்டு டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக, ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பிராக் பர்டி என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

தேர்வுமுறையின் துல்லியத்தைப் பற்றியே பொருளியலார் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். கேட் மேசியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே இடத்தில் ஆடும் இரு வீரர்களில் முன்னதாக எடுக்கப்பட்டவர், தமக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடுவதற்கான வாய்ப்பு 52 விழுக்காடு மட்டுமே. குவார்ட்டர்பேக்குகளை மட்டும் எடுத்துக்கொண்ட டேவிட் பெரி, ராப் சிம்மன்ஸ் ஆகியோரின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை, தேர்வில் முந்துவதற்குக் காரணமாகும் உயரம், ஓட்ட வேகம், அறிவுத்தேர்வு மதிப்பெண் போன்றவை பின்னாளைய ஆட்டத்திறனை அநேகமாகக் காட்டிக்கொடுப்பதில்லை என்றது. ஒரு வீச்சுக்கு எவ்வளவு பலன் என்று கணக்கிட்டால், முந்தி எடுக்கப்பட்டவரும் பிந்தி எடுக்கப்பட்டவரும் ஏறத்தாழ ஒன்றுதான் என்ற அதன் முடிவு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மறுத்தவர்கள் எடுத்துக்காட்டிய குறை சரியானதே: பிந்தி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் களத்திலேயே இறக்கப்படுவதில்லை, இறக்கப்படுபவர்கள் பயிற்சியில் தேறிய சிலர் மட்டுமே. அவர்களின் சராசரியை முதல் சுற்றுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிடுவது, பெர்க்சன் எச்சரித்த பள்ளத்தில் மறுபடியும் விழுவதாகும். ஆறாவது சுற்றில் 199ஆவதாக எடுக்கப்பட்டு ஏழு சூப்பர் பவுல் வென்ற டாம் பிராடியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டு ஒரு பந்தும் எறியாமல் வீடு திரும்பியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. பிராடியைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவருடைய இறுதிப் பருவத்தில், அவரைவிட இளையவரும் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டவருமான ட்ரூ ஹென்சனோடு ஆட்ட நேரத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி நேர்ந்தது. கூடவே வைத்து வளர்த்த கல்லூரிக்கே அவரை முழுதாக மதிப்பிடத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கல்லூரியின் பெயரைப் பற்றியவை. கல்லூரியில் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி வேறு விதமாகத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், விதிப் புத்தகத்தின் சில வரிகள் இரண்டையும் வேறு வேறு கல்வியாக்கிவிடுகின்றன. களத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. முந்தைய முயற்சி எந்த ஓரத்தில் முடிந்தாலும், அடுத்த முயற்சியை உள்கோடுகள் எனப்படும் இரு புள்ளிக்கோடுகளுக்கு இடையிலிருந்தே தொடங்க வேண்டும். அந்தக் கோடுகளின் இடைவெளி தொழில்முறையில் 18 அடி 6 அங்குலம், கல்லூரியில் 40 அடி. ஆகையால் கல்லூரியில் பந்து ஒரு கோட்டருகே இருக்கும்போது மறுபக்க ஓரம் 100 அடி தொலைவில் இருக்க, தொழில்முறையில் அது 90 அடிக்கும் குறைவு. கல்லூரிப் பயிற்சியாளர் அந்த அகன்ற பக்கத்தில் ஆட்களைப் பரப்பி, தற்காப்பவர்களை அங்குமிங்கும் இழுத்து, நடுவே பெரிய வெற்றிடங்களை உண்டாக்குகிறார். அவருடைய குவார்ட்டர்பேக் அந்த வெற்றிடங்களைக் கண்டு எறியப் பழகுகிறார். தொழில்முறைக் களத்தில் அதே வெற்றிடம் சுருங்கி, ஒரு நொடிக்குள் மூடிக்கொள்கிறது.

இன்னொரு விதி தடுப்பு வரிசையைப் பற்றியது. பந்து முன்னோக்கி எறியப்படும் முயற்சியில், தடுப்பு வரிசையினர் கல்லூரியில் மூன்று கெஜம் வரையும் தொழில்முறையில் ஒரு கெஜம் வரையும்தான் முன்னே போயிருக்கலாம். ஓட்டமா வீச்சா என்பதைத் தற்காப்பவர் ஒருவரின் அசைவைப் பார்த்தபின் குவார்ட்டர்பேக் தீர்மானிக்கும் இருவழி ஆட்டங்களுக்கு அந்த இரண்டு கெஜ வேறுபாடு உயிர்நாடி. கல்லூரியில் தாராளமாகக் கிடைக்கும் நேரம் மேலே போனதும் பறிபோகிறது. முயற்சிகளுக்கு இடையில் நடப்பதும் வேறு. தொழில்முறையில் 1994 முதல் பயிற்சியாளர் தலைக்கவச வானொலி வழியே குவார்ட்டர்பேக்கிடம் பேசுகிறார். அடுத்த முயற்சியைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 நொடிகள் மிஞ்சும்போது அந்த ஒலி அறுந்துபோக, நீண்ட சங்கேதச் சொற்றொடர் ஒன்றை மனத்தில் ஏந்தி, பத்துப் பேருக்கு அதை ஒப்பித்து, எதிரணியின் நிலையைப் படித்து, தேவையானால் திட்டத்தையே மாற்றவேண்டியவர் அவரே. கல்லூரியின் உச்சப் பிரிவில் இந்த வானொலிக்கு 2024இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை ஓரத்தில் நின்ற உதவியாளர்கள் படப் பலகைகளையும் கைச்சைகைகளையும் காட்ட, அணி முழுவதும் அவற்றைப் பார்த்துக்கொண்டது. எதிரணியைப் படிக்கும் வேலையையும் பல கல்லூரிகளில் பயிற்சியாளரே செய்துகொடுத்தார். அப்படி வளர்ந்த இளைஞர் தொழில்முறைக்கு வரும்போது, ஆட்டம் தெரிந்தவராகவும் அதன் மொழி தெரியாதவராகவும் வந்துசேர்ந்தார்.

ஆட்டமுறையின் தாக்கத்தை வலியுறுத்துபவர்கள் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சுட்டுவது வழக்கம். ‘ரன் அண்ட் ஷூட்’ என்ற இடைவிடாத வீச்சு முறையில் ஆடிய ஆண்ட்ரே வேர் 1989இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்று ஏழாவது ஆளாகவும், அவருக்குப்பின் வந்த டேவிட் கிளிங்லர் 1992இல் ஆறாவது ஆளாகவும் தேர்வாகி, இருவரும் நிலைக்கவில்லை. 1990இல் ஒரே ஆட்டத்தில் பதினோரு எல்லை வீச்சுகள் எறிந்தவர் கிளிங்லர். எண்கள் எவ்வளவு ஊதிப்போகக்கூடும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகம் பின்பற்றிய ‘ஏர் ரெய்டு’ முறையின்மேலும் இதே குற்றச்சாட்டு விழுந்தது. அங்கே 2003இல் ஒரே பருவத்தில் 5,833 கெஜங்கள் எறிந்த பி. ஜே. சைமன்ஸ் கடைசிச் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். 2007, 2008 இரு பருவங்களிலும் 5,000 கெஜங்களைத் தாண்டிய கிரஹாம் ஹாரலை எந்த அணியும் எடுக்கவில்லை. அதன்பின் வந்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். அவருடைய இறுதிப் பருவமான 2016இல் டெக்சஸ் டெக் ஐந்து வெற்றிகளும் ஏழு தோல்விகளும் கண்டது. ஓக்லஹோமாவுக்கு எதிராக அவர் 734 கெஜங்கள் எறிந்தும் அணி 66-59 என்று தோற்றது. பத்தாவது ஆளாக 2017இல் கான்சஸ் சிட்டி அவரை எடுத்ததும், பிறகு மூன்று சூப்பர் பவுல் கோப்பைகள் சேர்ந்ததும் உலகறிந்தவை.

மஹோம்ஸின் வெற்றி அந்த ஆட்டமுறையின் குறையைப் பொய்யாக்கியது என்பதைவிட, குறி வைத்த இடமே நகர்ந்துவிட்டது என்பது பொருத்தம். தொழில்முறை அணிகள் கல்லூரியின் விரிந்த அமைப்புகளையும் இருவழி ஆட்டங்களையும் மெல்ல மெல்லத் தமதாக்கிக்கொண்டிருந்தன. 2018இல் டெக்சஸ் டெக்கிலிருந்து நீக்கப்பட்ட, மஹோம்ஸின் பயிற்சியாளர் கிளிஃப் கிங்ஸ்பரியை, 2019இல் அரிசோனா அணி தன் தலைமைப் பயிற்சியாளராக்கிக்கொண்டது. கல்லூரியில் போதாது என்று கழிக்கப்பட்டவரின் பாடம் மேல்நிலையில் விலைபோயிற்று. ஒரு கல்லூரி முறை 1990இல் பயன்படாததாகவும் 2017இல் பயன்படுவதாகவும் இருக்கக்கூடும் என்றால், அம்முறைக்கு நிலையானதொரு மதிப்பெண் போட முயல்வது வீண்வேலை.

கல்லூரி தரும் இன்னொரு பொருள் துணை. 2019இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஜோ பரோ 60 எல்லை வீச்சுகள் எறிந்தபோது, அவற்றைப் பிடித்தவர்களில் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் இருந்தார்கள். இருவரும் பின்னர் தொழில்முறை ஆட்டத்தின் தலைசிறந்த பந்துபிடிப்பாளர்கள் ஆயினர். எறிந்தவரின் திறமை எவ்வளவு, பிடித்தவர்களின் திறமை எவ்வளவு என்று 2020இல் அவரை முதல் ஆளாக எடுத்தவர்கள் எண்களிலிருந்து பிரித்தெடுத்திருக்க முடியாது. பரோ ஏமாற்றவில்லை. அலபாமாவில் அடுத்த ஆண்டு அதேபோன்ற துணையோடு மின்னிய மாக் ஜோன்ஸ், 2021இல் 15ஆவது ஆளாகப் போய், எடுத்த அணியில் மூன்று பருவங்களே நீடித்தார்.

பரோவின் பெயர் வந்த இடத்தில் கேள்வியின் அடித்தளமே சற்று ஆட்டங்காண்கிறது. அவர் லூசியானாவுக்கு வரும் முன் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். சாபத்துக்கு ஆளானதாகச் சொல்லப்பட்ட அந்தக் கல்லூரியின் கணக்கில் அவரை எழுதுவதா, வேண்டாமா? மேஃபீல்டு டெக்சஸ் டெக்கில் தொடங்கி ஓக்லஹோமாவுக்குப் போனவர். 2016இல் மஹோம்ஸ் 734 கெஜங்கள் எறிந்த அந்த இரவில் எதிரே நின்று வென்ற குவார்ட்டர்பேக் மேஃபீல்டேதான் என்பதால், ஒரு கோணத்தில் அது ஒரே நாற்றங்காலின் இரு பயிர்கள் மோதிய ஆட்டம். சூப்பர் பவுல் வென்ற ஜேலன் ஹர்ட்ஸை அலபாமாவும் ஓக்லஹோமாவும் ஆளுக்குப் பாதியாகச் சொந்தம் கொண்டாடுகின்றன. கல்லூரி மாறிய வீரர் ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2021இல் தளர்ந்தபின் இது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகிவிட்டது. 2025இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட கேம் வார்டு மூன்று கல்லூரிகளில் ஆடியவர்.

பெயரை விட்டுவிட்டு அனுபவத்தை அளக்கலாம் என்று முயன்றவர்களும் உண்டு. முதல் இரண்டு சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களைப் பொறுத்தவரை, கல்லூரியில் தொடக்க வீரராக ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும், எறிந்தவற்றுள் பிடிபட்டவற்றின் விழுக்காடும் எதிர்காலத்தைக் கணிக்க உதவுகின்றன என்று டேவிட் லூயின் 2006இல் முன்வைத்த கருத்து பரவலாக ஏற்கப்பட்டது. காரணம் எளிது: பல ஆட்டங்கள் ஆடியவரின் குறைகள் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. வையோமிங்கில் ஆலனின் வீச்சுகளில் பிடிபட்டவை 56 விழுக்காட்டை ஒட்டியே இருந்தன. அந்தக் கணக்கின்படி பார்த்தால் அவர் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டியவர். பஃபலோ அணியில் சேர்ந்தபின் அவருடைய எறியும் முறை திருத்தப்பட்டு, பிடிப்பு விழுக்காடு மூன்றாம் பருவத்தில் எழுபதை நெருங்கியது. கல்லூரியில் கற்காததைப் பின்னர் கற்க முடியும் என்பதற்கு அவரே உயிருள்ள சான்று. கற்றுக்கொடுக்கப் பொறுமையுள்ள அணி வாய்த்தால்.

வாய்க்காதபோது என்ன நேரும் என்பதை, 2005இல் ராஜர்ஸை முந்திய அலெக்ஸ் ஸ்மித்தின் வரலாறு காட்டுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருடைய முதல் ஐந்து ஆண்டுகளில் தாக்குதல் பயிற்சியாளர்கள் ஐந்து பேர் மாறினர். ஆண்டுக்கொரு புதிய சங்கேத மொழியைக் கற்றபடி, தோள்காயத்தால் 2008 பருவம் முழுவதையும் இழந்து, யூட்டாவின் கல்லூரி முறை அவரைக் கெடுத்துவிட்டது என்ற பழியையும் அவர் சுமந்தார். அந்த ஐவரில் முதல்வரான மைக் மெக்கார்த்தி, 2006இல் கிரீன் பே அணியின் தலைமைப் பயிற்சியாளராகி, தம் பழைய அணி வேண்டாமென்று விட்ட ராஜர்ஸைக் கோப்பைவரை அழைத்துச்சென்றார். ஸ்மித்தோ 2011இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்தபின், பதின்மூன்று வெற்றிகளுக்கு மூன்றே தோல்விகள் என்ற கணக்கோடு அதே சான் ஃபிரான்சிஸ்கோவை நடத்தினார். பிறகு கான்சஸ் சிட்டிக்குப் போய், 2017இல் வீச்சுத் திறன் மதிப்பீட்டில் கூட்டமைப்பு முழுவதற்கும் முதலிடம் பெற்றார். அந்தப் பருவம் முழுவதும் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், டெக்சஸ் டெக்கிலிருந்து வந்த இருபத்திரண்டு வயது இளைஞர். டிசம்பர் 31 அன்று, முடிவு எதையும் மாற்றாத கடைசி ஆட்டத்தில் ஸ்மித்துக்கு ஓய்வு கொடுக்கப்பட்டு, அந்த இளைஞர் டென்வரில் முதன்முறையாகத் தொடக்க வீரராக இறங்கி 27-24 என்று வென்றுகொடுத்தார். ஒரு மாதத்துக்குள் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு அனுப்ப உடன்பாடாயிற்று; அடுத்த பருவத்தில் பேட்ரிக் மஹோம்ஸ் ஐம்பது எல்லை வீச்சுகள் எறிந்தார்.